ஓவர்டிரைவ் பெடல் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் எலெக்ட்ரிக் கிட்டார் சொல்லித்தருகிறேன். ஓரளவு வாசிக்கப் பழகி, சொந்தமாக ஒரு ஆம்பும் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்கிய மாணவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்த ஓவர்டிரைவ் வாங்கலாம்?" ஓவர்டிரைவ் என்பது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்து, காலால் மிதித்து இயக்குகிற, ஒலிக்குக் கரகரப்பு சேர்க்கிற சின்னக் கருவி. நான் திருப்பிக் கேட்பேன்: ஆம்ப் எது? பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா? வீட்டில் தனியாக வாசிக்கவா, பேண்டோடு வாசிக்கவா? கரகரப்பு முழுக்க பெடலில் இருந்தே வர வேண்டுமா, இல்லை ஏற்கெனவே லேசாகக் கரகரக்கிற ஆம்பை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட வேண்டுமா? இதற்கெல்லாம் அவர்களால் பதில் சொல்ல முடிகிறது. அந்தப் பதில்களை உங்கள் பெட்டியோடு ஒத்துப் பார்க்கப் போகும்போதுதான் சிக்கல். ஒத்துப் பார்க்கப் பெட்டியில் எதுவும் இல்லை. இதமான தொனி, உயிர்ப்புள்ள தொனி, டியூப் ஆம்ப் போலவே இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிராக ஒலிக்கிற இரண்டு பெடல்களின் பெட்டியிலும் இதே வரிகள்தான் இருக்கின்றன.

அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் பெடல் கிட்டாரின் சிக்னலை என்ன செய்கிறது என்பதை அளந்து, எண்ணாகவும் ஒரு சின்ன வரைபடமாகவும் பெட்டியில் அச்சிடுங்கள். ஸ்பீக்கர் தயாரிப்பவர்கள் இதை எப்போதிருந்தோ செய்கிறார்கள். எத்தனை ஓம், எத்தனை வாட், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று வரைபடமே தருகிறார்கள். அதே சிக்னல் வழியில் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கிற உங்கள் பெடலுக்கு மட்டும் ஏன் அது இல்லை?

ஒரு வரைபடம் எவ்வளவு சொல்லும் என்பதற்கு டியூப் ஸ்க்ரீமரையே எடுத்துக்கொள்வோம். 1970களின் கடைசியில் ஐபனெஸ் பெயரில் வந்த ஓவர்டிரைவ் பெடல் அது. உங்களில் பலருடைய பெடலும் அதன் வழி வந்ததுதான். அந்த சர்க்யூட்டில் கெயினை, அதாவது சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதை, தீர்மானிக்கிற இடத்தில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் தொடராக நிற்கின்றன. இரண்டும் சேர்ந்து, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக கெயினைக் குறைக்கின்றன. கிட்டாரின் தடித்த கம்பியை எந்தக் கட்டையும் பிடிக்காமல் மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ். ஆக, பேஸ் (தடித்த கீழ் ஒலி) பகுதிக்கு டிரைவ் (கரகரப்பு) அவ்வளவாகப் போய்ச் சேருவதில்லை. சர்க்யூட்டில் அதற்கு அடுத்த பகுதி ட்ரெபிளையும் (கூர்மையான மேல் ஒலி) சீவிவிடுகிறது. மிச்சம் நிற்பது நடுவில் ஒரு மேடு.

இந்த மேடு யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதுதான் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸையும் உச்ச ட்ரெபிளையும் குறைத்தே கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். எனவே அறையில் மெல்லிய சத்தத்தில் வாசிக்கிறவருக்கு, நடுப்பகுதி மட்டும் துருத்திக்கொண்டிருக்கிற பெடல் ஒல்லியாகவும் மூக்கடைத்தும் கேட்கும். பேண்டில் நிலைமை வேறு. கீழ்ப்பகுதியை பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் எடுத்துக்கொள்கின்றன, மேல்பகுதியை சிம்பல்கள் எடுத்துக்கொள்கின்றன. கிட்டாருக்கு மிஞ்சுவது அந்த நடுப்பகுதிதான்.

என் மாணவி ஒருவர் இந்த வகை பெடல் ஒன்றை வாங்கி, ஒரே வாரத்தில் விற்றுவிடத் தயாரானார். ரிஹர்சலுக்கு ஒரு தடவை எடுத்துவரச் சொன்னேன். ஆம்பை லேசாகக் கரகரக்கும் இடத்தில் வைத்தோம். பெடலில் டிரைவை முழுக்கக் குறைத்து, டோனை நடுவில் வைத்து, லெவலை மட்டும் இரண்டு மணி முள் இருக்கும் இடத்துக்கு ஏற்றினோம். பெடல் இல்லாமல் அவர் உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசித்தபோது கீழ்க் கம்பிகளின் சத்தம் பேஸ் கிட்டாரோடு கலந்து மொத்தமாக உருண்டது. எந்த சுரம் என்றே தெரியவில்லை. பெடலை மிதித்ததும் அந்த உருளல் வடிந்துபோய் ஒவ்வொரு அடியும் தனியாக வந்து நின்றது. டிரம்மரே நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெடல் இன்றும் அவரிடம் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர், 1969இல் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கொண்டுவந்த பிக் மஃப். டோன் குமிழை நடுவில் வைத்தால் அதில் நடுப்பகுதி ஒலி பள்ளமாக இறங்குகிறது. அறையில் தனியாக வாசிக்கும்போது பிரமாண்டமாக இருக்கும். அதே செட்டிங்கில் பேண்டுக்குள் போனால் கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இரண்டுமே அருமையான பெடல்கள், எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் ஒன்றின் வரைபடம் மேடு, இன்னொன்றின் வரைபடம் பள்ளம். உள்ளங்கை அளவுக்கு இரண்டு படங்கள் பெட்டியில் இருந்திருந்தால், வாங்கி ஏமாந்து விற்கிற பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. "ட்ரான்ஸ்பரண்ட்" என்று விற்கிறவர்களுக்கும் இது நல்லதுதான். உண்மையிலேயே கிட்டாரின் தொனியை மாற்றாமல் விடுகிற பெடல் என்றால் கோடு தட்டையாக இருக்கும். காட்டிவிடுங்கள், விவாதமே தேவையில்லை.

அடுத்தது கிளிப்பிங், அதாவது அலையின் உச்சியை வெட்டிக் கரகரப்பு உண்டாக்கும் முறை. இதற்கு ஒரு வரி போதும். 1977இல் வந்த பாஸ் நிறுவனத்தின் ஓடி-1இல் டயோடுகள் (அந்த வெட்டுதலைச் செய்யும் உதிரிகள்) ஆப்-ஆம்பின் (சிக்னலைப் பெருக்கும் சிப்) பின்னூட்டப் பாதையில் இருக்கின்றன. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று, அதனால் அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சமமாக மடங்குவதில்லை. அடுத்த வருடமே அதே நிறுவனம் கொண்டுவந்த டிஎஸ்-1இல் டயோடுகள் சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு இறங்குகின்றன, அலையின் உச்சி சட்டென்று வெட்டப்படுகிறது. முதலாவது விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப மெல்லப் பணியும். இரண்டாவது எப்படி மீட்டினாலும் ஒரே மாதிரி கடுமையாக நிற்கும். டயோடின் வகையும் முக்கியம். சிலிக்கான் சுமார் 0.6 வோல்ட்டிலேயே வெட்டத் தொடங்கும். சிவப்பு எல்இடி போட்டால் அந்த எல்லை 1.7 வோல்ட் அளவுக்கு உயரும், அதனால் சத்தம் கூடும், ஒலி அமுங்குவது (கம்ப்ரெஷன்) குறையும். விரலால் உணர்ச்சி காட்டி வாசிக்கிறவருக்கும் ரிஃப் அடிக்கிறவருக்கும் வேண்டியது வேறு வேறு. "பின்னூட்டத்தில், சமச்சீரற்றது, சிலிக்கான்" என்று போட்டால் தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள், தெரியாதவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

ரகசியம் போய்விடும் என்று சிலர் தயங்கலாம். பில் ஃபினிகன் 1994இல் விற்கத் தொடங்கிய க்ளான் சென்டார் ஓவர்டிரைவை நினைத்துப் பாருங்கள். சர்க்யூட்டை யாரும் பார்க்கக் கூடாது என்று பலகையின் மேல் எப்பாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றி மூடினார். அப்படியும் அதைச் சுரண்டி எடுத்து சர்க்யூட்டை வரைந்துவிட்டார்கள். இன்று அதன் நகல்களுக்குக் கணக்கே இல்லை. அந்த மூடிய காலத்தில் வளர்ந்தது அதைப் பற்றிய கட்டுக்கதைகள்தான். பிறகு அதன் மறுவடிவமாக வந்த கேடிஆர் பெடலின் மேலேயே, இந்த ஆரவாரத்துக்கு நான் காரணமில்லை என்ற பொருளில் ஃபினிகன் ஒரு வரி அச்சிட்டார். நான் கேட்பது உதிரிப் பட்டியலோ சர்க்யூட் வரைபடமோ இல்லை. உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன, அவ்வளவுதான். உங்கள் கைத்திறன் உங்களிடமே இருக்கட்டும்.

அப்புறம் மின்சாரம். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் என்பது இன்று பெரும்பாலான பெடல்களுக்குப் பொது வழக்கம். ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. உங்கள் பெடல் எத்தனை மில்லியாம்ப் எடுக்கும், 18 வோல்ட் தாங்குமா என்ற விவரங்களை எங்கே அச்சிடுகிறீர்கள்? பல பெடல்களில் அடிப்பக்கத்தில், கடுகு எழுத்தில். பெடல் போர்டில் வைக்கிற எல்லாரும் அந்த அடிப்பக்கத்தில்தான் வெல்க்ரோ ஒட்டுகிறார்கள். ஒட்டிய அன்றோடு அந்தத் தகவல் போயிற்று. பல ஓவர்டிரைவ்களுக்கு 10 மில்லியாம்ப் அளவே போதும். சில டிஜிட்டல் டிலேயோ ரிவெர்போ 300 மில்லியாம்ப் கேட்கும். இரண்டையும் ஒரே சப்ளையில் சங்கிலியாக மாட்டினால் ஓவர்டிரைவ் அந்த டிஜிட்டல் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும், பழி ஓவர்டிரைவ் மேல் விழும். பழைய பாணி பிஎன்பி ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் வைத்த ஃபஸ் (முரட்டுக் கரகரப்பு தரும் பெடல்) செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். மற்ற பெடல்களோடு ஒரே சப்ளையில் மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும். வோல்ட், துருவம், மில்லியாம்ப் மூன்றையும் ஜாக்குக்குப் பக்கத்திலேயே, நின்றபடி படிக்கிற அளவுக்குப் போடுங்கள்.

இம்பீடன்ஸும் (சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) பைபாஸும் (பெடல் அணைந்திருக்கும்போது சிக்னல் போகும் வழி) சேர்ந்த விஷயம். சிக்னலை நேராகக் கடத்திவிடும் ட்ரூ பைபாஸ் என்றால் உயர்ந்தது, சிக்னலுக்கு வலு கொடுத்து அனுப்பும் பஃபர் என்றால் மட்டம் என்ற ஒரு எண்ணம் பரவிவிட்டது. அதில் உங்கள் விளம்பரங்களுக்கும் பங்கு உண்டு. கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் உண்டு. ட்ரூ பைபாஸ் பெடல்கள் எட்டை வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நீளமான கேபிள்களோடு வாசித்தால் பாஸிவ் பிக்கப்பின் ட்ரெபிள் வழியிலேயே வடிந்துபோகும். நடுவே எங்காவது ஒரு நல்ல பஃபர் இருந்தால் அது திரும்பக் கிடைக்கும். மேலே சொன்ன க்ளானிலும் டியூப் ஸ்க்ரீமரிலும் பஃபர்தான் இருக்கிறது. மறுபக்கம், 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்றவற்றின் இன்புட் இம்பீடன்ஸ் மிகக் குறைவு. அவற்றை கிட்டாருக்கு அடுத்தே நேரடியாக வைக்க வேண்டும். முன்னால் பஃபர் வந்தால் சத்தம் முரடாகும், கிட்டாரின் வால்யூமைக் குறைத்து ஃபஸ்ஸைத் தெளிவாக்குகிற அந்த அழகான வசதியும் போய்விடும். ஆகவே இன்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு, பைபாஸ் எந்த வகை, வரிசையில் எங்கே வைத்தால் நல்லது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

டெமோ வீடியோக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இப்போது மாணவர்கள் அவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பெடலை மிதித்ததும் சத்தம் கொஞ்சம் ஏறினாலே காதுக்கு அது நல்ல தொனியாகத் தோன்றிவிடும். எனவே அணைத்த நிலையும் மிதித்த நிலையும் ஒரே சத்தத்தில் இருக்கும்படி சமப்படுத்திப் பதிவு செய்யுங்கள். ஒரே வாசிப்பைப் பதிவு செய்து, அதையே சுத்தமான ஆம்பிலும் கரகரக்கத் தொடங்கிய ஆம்பிலும் ஓட்டிக் காட்டுங்கள். இரண்டிலும் ஒரே பெடல் வேறு பெடலாக ஒலிக்கும். பேஸும் டிரம்மும் சேர்ந்த ஒரு நிமிடமும் கட்டாயம் வேண்டும். ஹெட்ஃபோனில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை வரியும் வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சரசரவென்று இறங்கிவிடும். ஸ்பீக்கர் சிமுலேஷன் இல்லாமல் ஓவர்டிரைவை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகினால் அந்த மேல்பகுதி முழுக்கக் காதைக் கீறிக்கொண்டு வரும். அப்படிக் கேட்டுவிட்டு நல்ல பெடலைக் குப்பை என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள், இதற்குச் செலவே கிடையாது. டிரைவ் நடுவில் இருக்கும்போது, பெடல் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் சத்தம் ஒன்றாக இருக்கிற இடம் எதுவோ, லெவல் குமிழைச் சுற்றி அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிக்கப்புக்குப் பிக்கப் கொஞ்சம் மாறும்தான், ஆனாலும் புதிதாக வாங்குகிறவருக்குத் தொடங்க ஓர் இடம் கிடைக்கும். ராட் பெடலில் ஃபில்டர் குமிழை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெபிள் குறையும், மற்றவற்றின் டோன் குமிழில் கூடும். இப்படி வழக்கத்துக்கு மாறாக எது இருந்தாலும் அதையும் ஒரு அம்புக்குறியால் காட்டிவிடுங்கள். அடுத்த தொகுதிக்குப் பெட்டி அச்சடிக்கக் கொடுக்கும்போதே இதையெல்லாம் சேர்த்துவிடலாம். ஏற்கெனவே விற்ற பெடல்களின் அளவீடுகளை உங்கள் இணையதளத்தில் போட்டால் போதும்.

அன்புடன்,
கிட்டார் சொல்லித்தரும் ஒருவர்