மாமா, உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில்

அன்புள்ள மாமாவுக்கு,

முதுகில் மூட்டையை மாட்டிக்கொண்டு நாங்கள் நியூசிலாந்துக்குக் கிளம்பிய அன்று, பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் நீங்கள் இரண்டே கேள்விதான் கேட்டீர்கள். "அங்கே மீன் கிலோ என்ன விலை? அந்த மலை ஐஸ் எவ்வளவு நாள் நிற்கும்?" நாங்கள் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உங்களுக்குக் காது மந்தமானதிலிருந்து எதையும் நிதானமாகச் சொல்ல முடிவதில்லை, பாதியிலேயே தலையாட்டிவிடுகிறீர்கள். ஆனால் நான் இங்கே எழுதுவதைக் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கித் தினமும் காலையில் படிக்கிறீர்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் மீன். ட்ரவுட் மீனுக்கு அங்கே விலையே கிடையாது, மாமா. விற்பது சட்டப்படி குற்றம். மார்க்கெட்டில் இல்லை, ஹோட்டலிலும் இல்லை. லைசென்ஸ் எடுத்து, தூண்டில் போட்டு, நாமே பிடித்தால்தான் உண்டு. பிடித்ததை யாருக்காவது சும்மா கொடுக்கலாம், காசு மட்டும் வாங்கக் கூடாது. அது அந்த மண்ணின் மீனும் இல்லையாம். 1867-ல் டாஸ்மேனியாவிலிருந்து கொண்டுவந்து ஆற்றில் விட்டிருக்கிறார்கள். 31 வருடம் சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் விற்ற உங்களுக்கு இதை நம்பவே கஷ்டமாக இருக்கும்.

நீங்கள் கொடுத்துவிட்ட தூண்டில் ரீலை நியூசிலாந்து விமான நிலையத்தில் வெளியே எடுத்துப் பார்த்தார்கள். தூண்டில் சாமான், நடைபூட்ஸ் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 2004-ல் டிடிமோ என்றொரு பாசி அந்த ஊர் ஆறுகளில் புகுந்துவிட்டது. ஒரு சொட்டு ஈரத்தில்கூட அது இன்னொரு ஆற்றுக்குப் போய்விடும். அதனால் எங்கே போனாலும் பார், கழுவு, காயவை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் மகன் கிளம்புவதற்கு முந்தைய இரவு பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்து அந்த ரீலைத் தேய்த்துக்கொண்டிருந்தாரே, அதற்குத்தான்.

ட்வைசல் என்கிற சின்ன ஊர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் இரண்டு சாயங்காலம் நின்றோம். முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள் இருட்டுகிற நேரத்தில் முழங்கை நீளத்துக்கு ஒன்று மாட்டியது. உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி, வயிறு மஞ்சள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே செவுளைத் தூக்கிப் பார்த்தேன், அப்படி ஒரு சிவப்பு. கிறைஸ்ட்சர்ச் இந்தியக் கடையில் வாங்கிய மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் தடவிச் சின்ன அடுப்பில் பொரித்தோம். நம் கடல்மீன் ருசி அதில் இல்லை, கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. ஆனாலும் முள்ளைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை.

இப்போது ஐஸ். இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அங்கே நிற்கும்போதே நினைத்தேன்.

நாங்கள் பார்த்தது டாஸ்மன் பனியாறு. மலையிலிருந்து மெதுவாக நகர்ந்து இறங்கும் ஐஸ் அது, கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர் நீளம். பத்து மாவுங்கிலிருந்து போகிற நம் பினாங்கு இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், அந்தப் பாலம் முழுக்க ஐஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனோம். கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடிச் சாம்பலாகக் கிடந்தது. எனக்கு முதலில் ஏமாற்றம்தான். உங்கள் மகன்தான் சொன்னார், "அப்பா ஐஸ்கட்டி மேல் சாக்கு போட்டு மூடுவாரே, அதே மாதிரி". உண்மையிலேயே அப்படித்தான். மேலே கல் கெட்டியாக மூடியிருந்தால் வெயில் உள்ளே இறங்காது, ஐஸ் மெதுவாகத்தான் கரையும்.

ஆனால் முன்பக்கம் சாக்கு இல்லை, மாமா. அங்கே ஏரி. 1973-ல் அந்த இடத்தில் ஏரி என்று சொல்ல எதுவுமே இல்லை. 2008-ல் அளந்தபோது 7 கிலோமீட்டர் நீளம், 245 மீட்டர் ஆழம். தண்ணீர் அடியில் அரிக்க, முன்பக்கம் துண்டு துண்டாக உடைந்து விழுகிறது. 2011 பிப்ரவரியில் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கம் வந்தபோது சுமார் 3 கோடி டன் ஒரே நேரத்தில் ஏரியில் விழுந்ததாம். தண்ணீரில் கிடக்கும் ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

படகில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டியவர் மிதந்துவந்த ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். ஐஸ் பேக்டரி கட்டியில் நடுவில் வெள்ளையாகக் காற்று நிற்குமே, அது இதில் இல்லை. விழுந்த பனி மேலே மேலே அழுத்தி, காற்றெல்லாம் நசுங்கி, கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது. காதருகே வைத்தால் 'டிக், டிக்' என்று சத்தம். உள்ளே நசுங்கிக் கிடந்த குமிழ்கள் உடைகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிட்டது. விடியற்காலையில் ஐஸ் உடைத்துவிட்டு நீங்கள் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள் என்று அத்தை சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிட்டது. உங்களை விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியது.

ஆகவே அடுத்த பிப்ரவரியில் நீங்களும் வர வேண்டும். கூடாரம் வேண்டாம், அறை எடுத்துக்கொள்வோம். பனியாற்றைப் பார்க்கும் மேட்டுக்குப் போய்வர 40 நிமிடம். படி இருக்கிறது, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். முட்டி வலித்தால் ஏற வேண்டாம், கீழேயே இருக்கலாம். நமக்கு விசா தேவையில்லை, கைப்பேசியிலேயே ஒரு அனுமதி எடுத்தால் போதும். பாஸ்போர்ட்தான் புதுப்பிக்க வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு 100 மலேசிய வெள்ளிதான், அதனால் செலவு என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்கள் மகன் காரோடு வருவார். போட்டோவுக்கு அடர்ந்த நிறச் சட்டை போடச் சொல்வார்கள். உங்கள் கருநீலச் சட்டையை இஸ்திரி போட்டு அலமாரியில் மாட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்