கிண்ணத்தை எடுத்தவர்கள் யார்?

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனசமூக நிலையங்கள், வாசிகசாலைகள், விளையாட்டுக் கழகங்களின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். புதுக் கட்டடம் கேட்கவில்லை. காசும் பெரிதாகத் தேவைப்படாது. உங்கள் ஊரில் ஒரு காலத்தில் பந்தடித்தவர்கள், ஓடியவர்கள், கூத்தாடியவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஆண்டுவிழா மேடையில் அவர்களை இருத்திக் கதைக்க விடுங்கள், பாட விடுங்கள், அதைப் பதிந்து வையுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

எந்த நிலையத்துக்குள் போனாலும் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கும். மேல்தட்டில் அண்மையில் வென்ற கிண்ணங்கள், பொன்னிறப் பிளாஸ்ரிக், கட்டிய ரிபன்கூட அவிழ்க்காமல். கீழ்த்தட்டில் பழையவை. எங்கள் நிலையத்தில் அப்படி ஒன்று, ஒரு பக்கக் கைபிடி இல்லாமல், கறுத்துப்போய் நிற்கிறது. அடிக்கட்டையில் பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள்தான் மிச்சம். எந்த ஆண்டு, எந்த மைதானம், யாரோடு இறுதியாட்டம், யார் தலைவர், ஒன்றும் தெரியாது. செயலாளர் தம்பியைக் கேட்டேன். "அது பழைய ஆக்களின்ர கப் ஐயா" என்றார். அவரில் பிழை சொல்ல முடியாது. அவர் பிறப்பதற்கு முன்பே அந்தத் தகடு விழுந்திருக்கும்.

மற்ற ஊர்களில் இப்படி ஒரு கிண்ணத்தின் கதை தெரியாவிட்டால் பழைய பத்திரிகையைப் புரட்டலாம். நமக்கு அந்த வழியும் பாதி அடைபட்டுப் போயிற்று. 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் யாழ் நூலகத்தோடு 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் போயின. அதே நாட்களில் ஈழநாடு பணிமனையும் எரிந்தது. 1959 முதல் யாழ்ப்பாணத்திலேயே அச்சாகிய பத்திரிகை அது. கழகங்களுக்கு இடையிலான உதைபந்தாட்ட முடிவை, கோயில் திருவிழாவில் மேடையேறிய நாடகத்தை இரண்டு வரியிலாவது போட ஊர்ப் பத்திரிகைதான் இருந்தது. கொழும்பில் யார் போடுவார்கள்?

பத்திரிகையில் தப்பியது நிலையத்தின் கூட்ட அறிக்கைக் கொப்பியில் இருந்திருக்கலாம். ஆனால் போர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறியது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அரிசி, அடையாள அட்டை, பிள்ளை, வயதான அம்மா, இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நடந்தவர்களிடம் போய் அறிக்கைக் கொப்பியை ஏன் எடுத்து வரவில்லை என்று கேட்க முடியுமா? ஆக, பெரும்பாலான ஊர்களின் விளையாட்டு வரலாறும் கலை வரலாறும் இப்போது எழுபதும் எண்பதும் தாண்டிய சிலருடைய தலைக்குள் மட்டும் இருக்கின்றன.

பெரிய பெயர்கள் தப்பிவிட்டன என்பது உண்மைதான். பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு ஆசிய விளையாட்டு விழாவின் முதல் தங்கத்தை எடுத்தார். அதற்கு நான்கு வருடம் முன்பு, 1954இல், நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதரானார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அதே கடலைப் போகவும் வரவும் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் இறங்கி உயிரை விட்டார். அவரை ஆழிக்குமரன் என்றால் இன்றும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உலகத்தின் பார்வை பட்ட சாதனைகள் அவை. எவரோ எங்கோ எழுதி வைத்தார்கள்.

எதிர்வீரசிங்கத்தோடு ஒரே மைதானத்தில் பாய்ந்து, ஒரு அங்குலம் குறைந்து நின்றவர் யார்? அவரைப் பற்றி யார் எழுதியது? ஊர் விளையாட்டின் வரலாறு இரண்டாவதாக வந்தவர்களால் ஆனது. அவர்கள் பெயர் அந்த ஊரை விட்டால் வேறெங்கும் கிடைக்காது. பெண்கள் கதை இன்னும் மோசம். தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணியோடு 2018இல் ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது எல்லா நிலையமும் வாழ்த்துப் பதாகை கட்டியது. சந்தோசம். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் நாடளவில் பேர் எடுத்தார்கள், அதுவும் சந்தோசம். ஆனால் நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முன் உங்கள் ஊரில் வலைப்பந்து ஆடிய அக்காமார் யார்? கலியாணம் முடித்து வேறு ஊருக்கும் வேறு நாட்டுக்கும் போனவர்களைக் கழகம் பழைய வீரர் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.

ஆட்டங்களும் ஆட்களோடு சேர்ந்தே போகின்றன. நம் ஊர்க் கரப்பந்தாட்டத்தில் 'ஓவர்' என்று ஒரு வகை இருக்கிறது. சர்வதேசச் சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது, அதன் சட்டமெல்லாம் ஆடுகிறவர்களின் வாயில்தான். கிளித்தட்டையும் பாருங்கள். குறுக்குக் கோடுகளை ஒவ்வொருவர் காக்க, நடுக்கோட்டில் கிளி மேலும் கீழும் ஓடி மறிக்க, கடைசித் தட்டைத் தொட்டுத் திரும்புகிறவன் பழமாகிவிடுவான், இன்னும் போய்ச்சேராதவன் காய். காயும் பழமும் ஒரே தட்டுக்குள் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதில் ஊருக்கு ஊர் சண்டை. அந்தச் சண்டையைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பதுதான் என் கவலை.

இனிக் கூத்துக்கு வருவோம். எனக்கு இதில் பற்று அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாரியம்மன் கோயில் வீதியில் நேர்த்திக்கு ஆடும் காத்தவராயன் கூத்தை நீங்களும் விடிய விடியப் பார்த்திருப்பீர்கள். ஒரு இரவில் ஒரே காத்தான் பாத்திரத்தை இரண்டு மூன்று பேர் பிரித்து ஆடுவார்கள். முதலில் வரும் காத்தான் பையன், கழுமரம் ஏறுகிற காத்தான் தொண்டை முற்றிய ஆள். நேற்றுவரை முதல் காத்தானாக வந்தவன் ஒரு வருடம் குரல் உடைந்து அடுத்த காத்தானுக்கு ஏற்றம் பெறுவதை ஊரே கவனிக்கும். கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியார் பின்பாட்டுக்காரரோடு ஓரத்தில் நின்று, தடுமாறுகிறவனுக்கு அடியெடுத்துக் கொடுப்பார். கையில் கொப்பி இருக்கும், பார்க்கமாட்டார். அந்தக் கொப்பியில் பாட்டு மட்டும்தான் இருக்கிறது. எந்த இடத்தில் நடையைக் கூட்டுவது, எங்கே நிறுத்திச் சனத்தை அழவிடுவது என்பதெல்லாம் அவரிடம் இருக்கிறது. வட்டுக்கோட்டைக்கு ஒரு மோடி, அதாவது ஆடும் பாணி, முல்லைத்தீவுக் கோவலன் கூத்துக்கு வேறொரு ஆட்டம். காங்கேசன்துறை நடிகமணி வைரமுத்து மயானத்தில் அரிச்சந்திரனாக நின்று பாடியதை நேரில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர் 1989இல் காலமானார். கேட்டவர்களிடம் அதைச் சொல்லக் கேட்பதற்கும் காலம் இருக்கிறது அல்லவா?

இப்போது நம் ஆண்டுவிழா எப்படி நடக்கிறது? பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர். மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம். எல்லோரும் பேசி முடிய ஒன்பது மணி. பிறகு முன்பள்ளிப் பிள்ளைகளின் நடனம், அப்புறம் டிஜே. டிஜேயை நிறுத்தச் சொல்லவில்லை, பொடியளுக்கும் ஒரு இரவு வேண்டும். நான் கைவைக்கச் சொல்வது பேச்சு நேரத்தில். அதில் ஒரு மணித்தியாலத்தை எடுத்து முன்னாள் ஆட்டக்காரர்கள் மூன்று பேரைக் கதிரையில் இருத்துங்கள். பேட்டி எடுக்கத் தெரிந்த ஒருவர் கேட்கட்டும்: பந்துக்குக் காசு எப்படிச் சேர்த்தீர்கள், எந்த ஊர் மைதானத்தில் அடி விழுந்தது, நடுவரை யார் துரத்தினது? சபை தானாகக் கூடும். அடுத்து அண்ணாவியாரையோ அவரிடம் பழகியவரையோ கூப்பிட்டு ஒரே ஒரு காட்சி. முழு இரவு வேண்டாம், அரை மணித்தியாலம் போதும். பின்பாட்டுக்கு இன்றைய பொடியளை நிறுத்துங்கள். மைதானத்தில் முதியவர்களின் நடுவர் பொறுப்பில் சிறுவர்களுக்கு ஒரு கிளித்தட்டு ஆட்டம்.

இப்படிச் செய்தால் சனம் வராது என்கிறவர்கள் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையைப் போய்ப் பார்க்கட்டும். பட்டப் போட்டிக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள். பட்டத்தில் ஒலி எழுப்பும் விண் கட்டுவது, நூல் பூட்டும் முச்சை பார்ப்பது, எல்லாம் பழைய வித்தைதான். அதைக் கண்காட்சிப் பொருளாக்காமல் போட்டியாக வைத்திருப்பதால்தான் ஒவ்வொரு வருடமும் பொடியள் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பதிவு வேலையில் சில விடயங்கள். கைபேசி போதும், ஆனால் சத்தத்தை ஒலிபெருக்கிக்காரரின் பெட்டியிலிருந்து நேரே எடுங்கள். கூட்டத்துக்குள் நின்று எடுத்தால் ஐஸ்கிறீம் வானின் பாட்டுத்தான் பதிவாகும். பேசுகிறவரின் முழுப்பெயரோடு அவர் விரும்பினால் பட்டப்பெயரையும் எழுதுங்கள். ஊரில் பாதிப் பேரை அந்தப் பெயரைச் சொன்னால்தான் தெரியும். பழைய படங்களை வீட்டிலேயே வைத்துப் பிரதி எடுங்கள், "பிறகு கொண்டுவந்து தாறம்" என்று வாங்கிப் போகவேண்டாம். அப்படி வாங்கிப் போன படங்கள் எங்கே போயின என்று எல்லா ஊரிலும் ஒரு கதை உண்டு. முடிந்தால் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் நம்முடைய நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி எவரும் பார்க்கக்கூடியதாக வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒழுங்கைக்கு ஒரு நிலையம், ஒரு கழகம் என்று நம் ஊர்கள் ஏன் பிரிந்து கிடக்கின்றன என்று நம் எல்லோருக்கும் தெரியும். யாருக்கு மேடையில் கதிரை கிடைத்தது, யார் வாசலில் நின்று வாசித்தார்கள், எந்த அணியில் யாரைச் சேர்க்கவில்லை என்பதும் வரலாறுதான். முதியவர் ஒருவர் அதைச் சொல்லத் தொடங்கினால் ஒலிவாங்கியை வாங்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மண்டபத்துக்கு மாபிள் போட்டுத் தந்தீர்கள், நன்றி. கல்வெட்டில் உங்கள் பெயர்களும் இருக்கின்றன. இந்த முறை ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பழைய கோல்காப்பாளரை நீங்கள் பதிந்து அனுப்புங்கள். அணியில் பாதிப் பேர் அங்கேதானே இருக்கிறார்கள்.

கடைசியாக, ஒரே இறுதியாட்டத்தைப் பற்றி இரண்டு ஊரும் இரண்டு கதை சொல்லும். அந்த கோல் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பது இன்றைக்கும் தீரவில்லை. எதிரணியில் ஆடியவரையும் கூப்பிடுங்கள், பக்கத்து ஊர்தானே, சைக்கிளில் வந்துவிடுவார். இரண்டு கதையையும் பதியுங்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களுடையதைப் போன்ற ஒரு நிலையத்தின் சாதாரண உறுப்பினர்