தோற்ற போரைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மழை விட்டிருப்பதால் காப்பிப் பழம் பறிக்க ஆள் தேடி அலைந்துகொண்டிருக்கிறேன்.

போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. உன்னோடு வேலை செய்யும் சீனப் பெண் பேச்சுவாக்கில் 1962 இந்திய-சீனப் போரில் நாங்கள்தான் ஜெயித்தோம் என்றாளாம். நீயும் விடாமல், 1967-ல் சிக்கிம் எல்லையில் நாதுலா கணவாயில் நாங்கள் திருப்பி அடித்தோமே என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாயாம். நாதுலா உண்மைதான், அங்கே நம் ராணுவம் உறுதியாக நின்றது. ஆனால் 1962-ல் நாம் தோற்றதும் உண்மை. அதை ஒப்புக்கொள்ள நீ கூச வேண்டியதே இல்லை. இத்தனை வருஷம் வரலாறு நடத்தியவன் சொல்கிறேன், கேள்.

லடாக்கை ஒட்டி நாம் உரிமை கோரும் அக்சாய் சின் வழியாகச் சீனா போட்ட சாலை, கிழக்கே வெள்ளையர் காலத்து எல்லையான மக்மகான் கோடு பற்றிய தகராறு, திபெத்திலிருந்து 1959-ல் தலாய் லாமா இங்கே வந்தது, பிறகு நாம் எல்லையில் முன்னே முன்னே காவல் சாவடிகள் போட்டது, எல்லாம் சேர்ந்து முற்றியது. அக்டோபர் 20-ல் தொடங்கி நவம்பர் 21-ல் சீனாவே போர் நிறுத்தம் அறிவிக்கும்வரை ஒரு மாதம். நம் தரப்பில் மட்டும் 1,300-க்கு மேல் செத்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலக வேண்டியதாயிற்று. தோல்வி டெல்லியில் எடுத்த முடிவுகளால் வந்தது. மலை மேல் நின்றவர்களின் தைரியத்தில் குறை இல்லை.

ரெசாங் லா என்று ஒரு கணவாய், லடாக்கில். நம் ஏற்காடு 5,000 அடிதான், மார்கழிக் குளிருக்கே நீ கம்பளியை விட்டு வெளியே வரமாட்டாய். அது 16,000 அடிக்கும் மேலே. நவம்பர் 18 விடியற்காலை, 13-வது குமாவுன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர், மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் அங்கே இருந்தார்கள். பெரும்பாலும் ஹரியானா கிராமத்துப் பிள்ளைகள். பனியே பார்க்காத ஊர். குளிருக்கேற்ற உடுப்பு போதாது, கையில் பழைய 303 துப்பாக்கி, நடுவில் மலை மறைத்ததால் பீரங்கி உதவியும் கிடையாது. 110 பேர்வரை அங்கேயே மடிந்தார்கள். பிழைத்து வந்தவர்கள் சொன்னதை முதலில் பலர் நம்பவில்லையாம். பனிக்காலம் கழியும் நேரத்தில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது: குழிகளுக்குள் உறைந்து கிடந்தவர்கள் கையில் ஆயுதத்தை விடவே இல்லை. வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். இந்த நாட்டைப் பற்றி என் பெருமை எங்கே இருக்கிறது என்று கேட்டால் இவர்களைத்தான் காட்டுவேன். தோற்ற போர் என்று அதை மறைத்தால் இவர்களையும் சேர்த்தல்லவா மறைக்கிறோம்?

நம் தமிழ்நாட்டில் நடந்ததும் உனக்குத் தெரிய வேண்டும். அதே 1962 மே மாதம் மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்டுப் பேசியவர் அண்ணா. போர் வந்ததும் அரசுக்குத் துணை நிற்கச் சொன்னார். 1963-ல் தி.மு.க. அந்தக் கோரிக்கையையே கைவிட்டது. பிரிவினை பேசினால் தேர்தலில் நிற்க முடியாது என்று வந்த சட்டத் திருத்தமும் ஒரு காரணம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் ஆபத்து நேரத்தில் அவர் எடுத்த முடிவை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 பேரை இழந்தோம். நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அதில் ஒருவர். அந்த வருஷம் ஊரடங்கு தளர்ந்து சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கியதும், ஏரிப் பக்கம் ஓட்டலில் பரிமாறும் பையனைச் சிலர் 'டேய் சைனா' என்று கூப்பிட்டதைப் பார்த்தேன். அவன் அருணாச்சலத்துக்காரன், தவாங் பக்கம். 1962-ல் சீனப் படை பிடித்துவைத்திருந்த ஊர் அது. அவன் மண்ணைக் காக்கத்தான் நம் ஆட்கள் செத்தார்கள், அவனையே எதிரி என்கிறீர்களே என்று கேட்டுவிட்டேன். எனக்கு வந்த கோபத்தில் கை நடுங்கியது. அவன் சிரித்துக்கொண்டே தண்ணீர் வைத்துவிட்டுப் போனான்.

நம்மவர்களையே எதிரியாகப் பார்ப்பது 1962 போர்க்காலத்திலும் நடந்தது, அரசே செய்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த சீன வம்சாவளிக் குடும்பங்களை, சுமார் 3,000 பேரை, அசாம், வங்காளப் பக்கமிருந்து ரயிலேற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். குழந்தைகள், கிழவர்கள் உட்பட. சிலர் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். ரெசாங் லாவைச் சொல்லித்தரும்போது இதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும் என்பது என் வாதம்.

அதனால் அந்தப் பெண்ணிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே கண்ணு. ஆமாம், தோற்றோம் என்று சொல்லிவிட்டு ரெசாங் லாவைப் பற்றிச் சொல். அப்புறம் அவளிடம் எனக்காக ஒன்று கேள்: இந்தப் போரைப் பற்றி அவர்கள் பள்ளியில் என்ன சொல்லித் தந்தார்கள்? அவர்கள் பக்கமும் 700 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அவள் ஊரில் அப்படிப் போன யாரையாவது இன்றும் நினைத்துக்கொள்கிறார்களா? விவரமாக எழுது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி ஏமாற்றாதே.

காப்பித்தூள் அடுத்த வாரம் பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா