முன்பக்க ஜோடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் அந்தப் பழைய ஸ்பீக்கர் ஜோடியை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அழகாகப் படம் எடுத்திருக்கிறார். பின்பக்கத்தை எடுக்கவில்லை. வலையைக் கழற்றி, உள்ளே அதிர்கிற கோனையும் காட்டவில்லை. விற்பவர் எதைக் காட்டவில்லையோ அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இத்தனை காலம் கடையில் உட்கார்ந்தவனுடைய புத்தி அது.

போனிலேயே சொல்லிவிடுங்கள் என்றாள் உன் அம்மா. போனில் நீ "சரி அப்பா, சரி அப்பா" என்கிறாய். கொஞ்ச நேரத்தில் யாரோ வாசல் மணியை அடிக்கிறார்கள், பேச்சு முடிந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன். வீட்டு முகவரியைக் கேட்டேன், நீ அலுவலக முகவரியைக் கொடுத்தாய். அங்கேயே அனுப்புகிறேன். நீ கேட்டது ஸ்பீக்கரைப் பற்றி, நானும் ஸ்பீக்கரைப் பற்றியே எழுதுகிறேன்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஹோம் தியேட்டரில் சீக்கிரம் கிழடாவது, எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கிற ரிசீவர்தான். படமும் ஒலியும் வருகிற எச்.டி.எம்.ஐ. இணைப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. 4கே வந்ததும் பழைய பெட்டிகள் படத்தைக் கடத்த முடியாமல் நின்றுவிட்டன. தலைக்கு மேலிருந்தும் ஒலி தருகிற டால்பி அட்மாஸ் தியேட்டருக்கு 2012-இலும் வீட்டு ரிசீவருக்கு 2014-இலும்தான் வந்தது; அதற்கு முந்தைய ரிசீவருக்கு அது என்னவென்றே தெரியாது. ஸ்பீக்கருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. கம்பியில் வரும் மின்சாரத்துக்கு ஏற்றபடி கோன் முன்னும் பின்னும் அசைய வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. 1990-களில் ஒழுங்காகச் செய்த பெட்டி இன்றைக்கும் அந்த வேலையைச் செய்யும். ரிசீவரைப் புதிதாக வாங்குங்கள், ஸ்பீக்கரைப் பழையதாக வாங்குங்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது உனக்குத் தெரியும். ரிசீவர் உன்னிடம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்லது.

உன் கையில் இருப்பவை என்று நீ எழுதியிருந்ததைத் திரும்பப் படித்தேன். ரிசீவர், நடு ஸ்பீக்கரான சென்டர், பின்பக்க இரண்டு, பாஸுக்கான சப்வூஃபர். முன்பக்க ஜோடி அதில் இல்லை. "அப்கிரேட் செய்யலாம் என்று இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

அந்த முன்பக்க ஜோடி நான் சென்னை ரிச்சி தெருவில் தேடி எடுத்தது. உன் கல்யாணத்துக்கு முந்தைய மாதம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்தில் அதைப் படுக்கவைத்துவிட்டு நான் உட்கார்ந்தே மதுரைக்கு வந்தேன். கோனைச் சுற்றிய விளிம்பு ரப்பர், ஃபோம் இல்லை. அத்தனை சுலபத்தில் கெடாது. ஒலியைப் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரில் இருந்த பழைய கெப்பாசிட்டர்களை நானே மாற்றிக் கொடுத்தேன். ஆகவே பழுதாகியிருக்க வாய்ப்பில்லை. அப்படியே பழுதானாலும் நீ தூக்கிப்போடுகிறவள் இல்லை, எனக்கு அனுப்பியிருப்பாய். எங்கே இருந்தாலும் சரி, வைத்திருப்பவர் அதைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இருக்க வேண்டும். பின்பக்கம் துவாரம் உள்ள பெட்டி. சுவரில் ஒட்டினால் பாஸ் வீங்கிக் குரலெல்லாம் மூடிக்கொள்ளும். மாப்பிள்ளைக்கு அப்படி வைக்கிற பழக்கம் உண்டு.

சரி, நீ கேட்ட ஜோடிக்கு வருகிறேன்.

போகும்போது சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற செல் ஒன்றையும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு போ. முதலில் வலையைக் கழற்றச் சொல். கழற்ற மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடு. கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரல் நுனியால் தொட்டுப் பார். ஃபோம் விளிம்பாக இருந்தால் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகளில் அப்பளம் போலப் பொடிந்துவிடும், அதிலும் சென்னைப் பக்கம் கடற்காற்றில் இருந்த பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். பொடிந்திருந்தால் அது ஒன்றும் மரணம் இல்லை, புது விளிம்பு ஒட்டலாம். ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல். ஏற்கெனவே யாரோ ஒட்டியிருந்தால் பசை வழிந்திருக்கிறதா, கோன் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார். இரண்டு கைவிரல்களையும் கோனில் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்து. உரசுகிற சத்தம் வந்தால் கோனை அசைக்கிற கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கோணிவிட்டது என்று அர்த்தம், தொடவே தொடாதே. நடுவில் உள்ள மூடி கொஞ்சம் நசுங்கியிருப்பது பார்க்கத்தான் அசிங்கம், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதைக் காட்டி விலையைக் குறை.

பிறகு மல்டிமீட்டர். 8 ஓம் பெட்டி என்றால் மீட்டரில் 6 அல்லது அதை ஒட்டிக் காட்டும், பயப்படாதே, அப்படித்தான் இருக்க வேண்டும். 3, 4 என்று காட்டினால் அது 4 ஓம் பெட்டி. உன் ரிசீவரின் பின்பக்கத்தில் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய். செல்லை எடுத்து, பிளஸை சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடு. பெரிய கோனான வூஃபர் வெளியே தள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றொன்று உள்ளேயும் போனால், யாரோ உள்ளே கம்பியை மாற்றி இணைத்திருக்கிறார்கள். 1.5 வோல்ட்தான், உச்ச ஒலிக்கான சின்ன ட்வீட்டருக்கு ஒன்றும் ஆகாது. செல்லை மறந்துவிடாதே.

ட்வீட்டரைக் காதால்தான் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியாக, சத்தத்தைக் குறைத்து, பெண் குரல் உள்ள பாட்டு ஒன்றைப் போடச் சொல்; உனக்கு வரிக்கு வரி தெரிந்த பாட்டாக இருக்கட்டும். கடைக்காரர்கள் சத்தத்தை ஏற்றி அதிர வைப்பார்கள், நீயும் தலையாட்டிவிடுவாய். ட்வீட்டர் எரிவது பெரும்பாலும் பெரிய ஆம்ப்ளிஃபயரால் இல்லை, சின்ன ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் முடுக்குவதால்தான். கல்லூரி விடுதியில் இருந்த பெட்டி என்று சொன்னால் இரண்டு தரம் கேள்.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டியிருக்கிறதே என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டாம் வகுப்பிலேயே கை நடுங்காமல் ஈயம் பற்றவைத்தவள் நீ. கடையில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களே பிறகு ரேடியோவை உன்னிடம் கொடுத்துவிட்டு, "அப்பாவிடம் கொடுக்காதே, நீயே பார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோனை எப்படி அழுத்துவது என்று உனக்குத் தெரியாதா? தெரிந்தே கேட்டிருக்கிறாய். கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். தீபாவளியிலிருந்து இந்தப் பங்குனி வரை என்னிடம் கேட்பதற்கு உனக்கு இது ஒன்றுதான் கிடைத்ததா என்று நினைக்கும்போது மட்டும் கொஞ்சம் கோபம் வருகிறது.

சென்டருக்கு ஒத்துப்போகுமா என்று கேட்டிருந்தாய். அதுதான் சரியான கேள்வி. முன்பக்க மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் திரையில் ஒருவர் இடமிருந்து வலமாகப் பேசிக்கொண்டே நடந்தால், நடுவில் வேறு ஆள் பேசுவது போல இருக்கும். உன்னிடம் இருக்கும் சென்டர் பழைய ஜோடிக்காகவே நீங்கள் இருவரும் தேடி அலைந்து வாங்கியது. படத்தில் இருக்கும் இந்த ஜோடி வேறு கம்பெனி, ட்வீட்டரும் வேறு மாதிரி. ஒத்துப்போகாது.

ஆனால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. சென்டர் எதற்கு என்று யோசித்துப் பார். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு, சென்டர் இல்லாமலேயே குரல் திரையின் நடுவிலிருந்து வருவதாகத்தான் கேட்கும். பக்கத்தில் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குத்தான் குரல் அருகிலுள்ள பெட்டிப் பக்கம் சாய்ந்துவிடும். அவருக்காகத்தான் சென்டர். ஒருவர் மட்டும் உட்கார்ந்து பார்ப்பது என்றால் ரிசீவரின் அமைப்பில் சென்டர் இல்லை என்று வைத்துவிடு. அந்தக் குரலை இரண்டு பக்கமும் அதுவே சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். இந்த ஜோடியே போதும்.

நீ அனுப்பிய ஹால் படத்தில் நாற்காலி ஒன்று தெரிகிறது. சோஃபா படத்துக்குள் வரவில்லை போலிருக்கிறது. ஆகவே எத்தனை பேர் உட்காருவது என்பதை நீயே கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய். எனக்கு எழுத வேண்டும் என்று இல்லை.

இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ ஏறக்குறைய அதே தூரத்தில் நாற்காலியைப் போடு. ஒவ்வொரு பெட்டியும் நேர்க்கோட்டிலிருந்து 30 டிகிரி விலகி இருக்க வேண்டும், முகம் உன்னைப் பார்த்தபடி. ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும். பின்பக்க இரண்டும் உண்மையில் பின்பக்கம் இல்லை, பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி, 100 முதல் 120 டிகிரிக்குள். பழைய வீட்டில் முதுகுச் சுவரில் மாட்டியிருந்தீர்கள், நான் அப்போதே சொன்னேன். ரிசீவரில் முன்பக்க ஜோடியை "ஸ்மால்" என்று வைத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்பிவிடு. சிறிய பெட்டிக்கு அது பெரிய நிம்மதி. அடுக்குமாடியில் ராத்திரி சப்வூஃபரைக் குறைத்து வை, கீழ்வீட்டுக்காரர்களோடு சண்டை வேண்டாம், அதுவும் புது இடத்தில்.

கடைக்குத் தனியாகப் போகாதே. அலுவலகத் தோழி யாராவது இருந்தால் கூட்டிப் போ. பெட்டிகள் கனமானவை, மாடிப்படியில் ஒருத்தியாகத் தூக்கினால் முதுகு போய்விடும். பகலில் போ. முன்பணம் கொடுக்காதே. செல், மல்டிமீட்டர்.

வேறு செய்தி என்று எடுத்துக்கொண்டால், தம்பிக்குக் கடையில் வேலை நெருக்குகிறது, சித்திரைத் திருவிழாவுக்கு மைக் செட்காரர்கள் ஆம்ப்ளிஃபயர்களைக் கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்பு வேண்டுமாம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

மாடியில் பெரிய அத்தை இருந்த அறையை வெள்ளையடித்தாயிற்று. யாருக்காகவும் இல்லை, சுவர் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அடிக்கிற கையோடு இரண்டு பிளக் பாயிண்டும், ஸ்பீக்கர் ஒயருக்குச் சுவருக்குள் ஒரு குழாயும் போட்டுவைத்தேன். பெரிய அத்தையின் காலம் வேறு, இந்தக் காலம் வேறு என்று எழுதச் சொன்னாள் உன் அம்மா. எதற்கு என்று கேட்டேன். "எழுதுங்கள், அவளுக்குப் புரியும்" என்றாள். எழுதிவிட்டேன். அத்தையைப் பற்றி அந்தக் காலத்தில் தெருவில் பேசியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.

எஸ்.பி. ரோட்டு ஜோடி சரியில்லை என்றால் கவலைப்படாதே. நம் ஹாலில் இருக்கும் ஜோடி ஞாபகம் இருக்கிறதா, நீ பத்தாம் வகுப்பு லீவில் கிராஸ்ஓவர் போட்டுக் கொடுத்தது? அதற்கு இன்னும் ஒரு குறையும் இல்லை. இங்கே நாங்கள் செய்தி கேட்பதற்கு அத்தனை பெரிய பெட்டி எதற்கு? மைசூர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் பெங்களூரு வந்துவிடலாம். நான் மட்டும் வருவதாகத்தான் இருந்தேன், உன் அம்மாவும் வருகிறேன் என்கிறாள். முழங்காலோடு எதற்கு என்றால் கேட்கவில்லை. நீ சமைக்க வேண்டாம், வீட்டை ஒதுங்க வைக்க வேண்டாம், லீவும் போட வேண்டாம். பெட்டிகளை வைத்து, ஒயர் இழுத்து, ரிசீவரோடு வந்த மைக்கை நாற்காலியில் காது உயரத்தில் வைத்து ஒரு தரம் சரிபார்த்துவிட்டால் என் வேலை முடிந்தது. எதைப் பற்றியும் கேட்க மாட்டேன். உன் அம்மாவுக்கு நான் ஜாமீன் இல்லை.

வர வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பு. வரும் வெள்ளிக்குள் ஒன்றும் வராவிட்டால் டிக்கெட் எடுத்துவிடுவேன். ஸ்டேஷனிலிருந்து வருவதற்கு வீட்டு முகவரி வேண்டும். ஹாலின் அகலத்தை அளந்து சொல். 16 கேஜ் ஒயர் உன்னிடம் எத்தனை மீட்டர் இருக்கிறது என்றும் பார், குறைந்தால் நான் கடையிலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா