நம் காப்பகத்துக்கு ஒரு வயது, சனிக்கிழமை வந்துவிடுங்கள்

பெற்றோர் எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று குழந்தைகளும் ஒரு பாயுமாகத் தொடங்கிய நம் காப்பகத்துக்கு வரும் சனிக்கிழமையோடு ஒரு வருடம் முடிகிறது. அன்று தவழ்ந்தவர்கள் இன்று செருப்பைத் தாங்களே (கால் மாற்றித்தான்) மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார்கள், இதைக் கொண்டாடாமல் எப்படி?

நேரம் மாலை 4 முதல் 5.30 வரை. மதியத் தூக்கம் கலைந்தால் அழுகைக் கச்சேரிதான், அதனால் சீக்கிரம் வர வேண்டாம்.

1. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கே போடுங்கள்.
2. குழந்தைக்கு ஒவ்வாமை இருந்தால், முன்பே சொல்லியிருந்தாலும், எனக்குத் தனியாக இன்னொரு முறை எழுதுங்கள்.
3. பலூன் வேண்டவே வேண்டாம். வெடித்த துண்டு வாய்க்குள் போனால் தொண்டையில் ஒட்டி மூச்சை அடைத்துவிடும், இருமினாலும் எளிதில் வெளியே வராது. காகிதத் தோரணம் போதும்.
4. படம் எடுக்கலாம். அடுத்தவர் குழந்தை அதில் இருந்தால் கேட்காமல் எங்கும் போடாதீர்கள்.
5. பரிசு எதுவும் வேண்டாம், சேர்ந்த புதிதில் எடுத்த படம் ஒன்று அனுப்புங்கள், சுவரில் ஒட்ட.

அப்புறம், தோரணம் கட்ட 3 மணிக்கே இரண்டு பேர் தேவை. ஏணி ஏறப் பயமில்லாதவர்கள் யார், சொல்லுங்கள்.