தம்பிக்கு, நீ கேட்ட மருந்துச் சீட்டு பற்றி

தம்பி,

கவனத்தைக் கூட்டும் மாத்திரைக்கு நீ கேட்ட சீட்டை நான் எழுதித் தர மாட்டேன். இதைச் சொல்ல இவ்வளவு நாள் இழுத்ததற்கு மன்னித்துக்கொள். போனில் சொன்னால் பாதியிலேயே வெட்டிப் பேசுவாய். அதோடு, உன்னைப் போலக் கேட்கிறவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும். நீ யார், எங்கே வேலை பார்க்கிறாய் என்பதெல்லாம் இங்கே வராது.

அந்த இரவுதான் என்னை விடவே மாட்டேன் என்கிறது. யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியும் முன்னே என்னை எழுப்பினாய். "அக்கா, தலைக்குள்ள இரைச்சலே இல்ல" என்றாய். அப்படியொரு நிம்மதியை உன் குரலில் சின்ன வயதில்கூட நான் கேட்டதில்லை. இரவெல்லாம் நகராமல் எழுதினேன் என்று அனுப்பி வைத்தாய். படித்தேன். முதல் பத்தியையே மாற்றி மாற்றித் திருத்தியிருந்தாய். நீ எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று நம்பிக்கொண்டும் இருந்தாய்.

2023-இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆரோக்கியமான 40 பேருக்கு, கவனக் குறைபாட்டுக்கோ தூக்கக் கோளாறுக்கோ தரும் மருந்துகளான மெத்தில்ஃபெனிடேட், மோடாஃபினில், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின், அதோடு மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, கடினமான கணக்குப் புதிர்களைப் போடச் சொன்னார்கள். மருந்து எடுத்தபோது உழைப்பு கூடியது, உழைப்பின் தரம் குறைந்தது. வெற்று மாத்திரையில் நன்றாகச் செய்தவர்களே மருந்தில் பின்தங்கியதும் உண்டு. படித்தபோது உன் முதல் பத்திதான் கண்முன் வந்தது.

"நீ காபி குடிக்கலையா?" என்பாய். குடிக்கிறேன். காபிக்காக யாரும் உனக்கு இல்லாத நோயை எழுதித் தர வேண்டியதில்லை.

2008-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் சில அறிஞர்கள், சுயமாக முடிவெடுக்கக்கூடிய பெரியவர்கள் இம்மாதிரி மருந்துகளைப் பயன்படுத்த வழி இருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். உன் உடம்பு, உன் முடிவு என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் கட்டாயப்படுத்துவதைத் தடுக்க வேண்டும் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. உன் குழுவில் எல்லாரும் போடுகிறார்கள், போடாவிட்டால் பின்தங்கிவிடுவேன் என்றுதானே என்னிடம் கேட்டாய்? அது எப்படி உன் முடிவாகும்? நான் எழுதிக் கொடுத்தால், உன் பக்கத்து நாற்காலிக்காரனும் நாளைக்கு யாரிடமாவது போய் நிற்பான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த இரவுக்கு அப்புறம் நீ என்னைக் கூப்பிட்டதெல்லாம் இதற்காகத்தான். உனக்கு வேண்டியது அக்காவா, அவள் கையெழுத்தா?

சரி, விடு. எனக்குக் கவலை அந்த இரைச்சல். உண்மையிலேயே உனக்குக் கவனக் குறைபாடு இருக்கலாம். அதை நான் பார்க்கக் கூடாது. உன் விஷயத்தில் என் கண் நேராகப் பார்க்காது. வேறொரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கித் தருகிறேன். அதுவரை அடுத்தவர் மாத்திரையைத் தொடாதே. இவை இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றக்கூடியவை. அப்பாவுக்கு என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். அந்த மருத்துவர் உன்னைப் பரிசோதித்து இதே மாத்திரையை எழுதினால் நான் குறுக்கே வர மாட்டேன். போக விருப்பமில்லை என்றால் அதையாவது நேரில் வந்து சொல்.

அக்கா