ஒற்றனுக்கு ஒற்றன் வேலையைக் கொடுங்கள்

உளவுத் திரைப்படங்களைத் தழுவி ஷூட்டர் (எதிரிகளைச் சுட்டு முன்னேறும்) வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் வடிவமைப்பாளர்களுக்கும், அவற்றுக்கு உரிமம் வழங்கும் பட நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

இவ்வகை விளையாட்டுகளை விரும்பி விளையாடுபவர்களுள் ஒருவராக இதை எழுதுகிறேன். ஆடுபவர் கடினநிலையை உயர்த்தும்போது எதிரியின் உடல்வலிமையை மட்டும் கூட்டாமல், ஒற்றனின் பணியையும் கூட்டுங்கள் என்பதே என் கோரிக்கை.

1995-இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படத்தை வைத்து, ரேர் நிறுவனம் 1997-இல் நிண்டெண்டோ 64 விளையாட்டுக் கருவிக்காக உருவாக்கிய 'கோல்டன்ஐ 007' விளையாட்டு 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. அதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், நால்வர் ஒரே திரையைப் பங்கிட்டு மோதிக்கொண்ட மல்டிபிளேயரைத்தான் புகழ்கிறார்கள். (அப்பகுதி உருவாக்கத்தின் இறுதிக் காலத்தில்தான் சேர்க்கப்பட்டது.) நீங்கள் கற்க வேண்டியது தனியாள் ஆட்டத்தில் இருக்கிறது.

அதன் முதல் கட்டமான அணையை எடுத்துக்கொள்வோம். மூன்று கடினநிலைகளில் எளிதான 'ஏஜென்ட்' நிலையில் காவலர்களைக் கடந்து சென்று, அணையிலிருந்து கயிறு கட்டிக் குதித்தால் போதும். 'சீக்ரெட் ஏஜென்ட்' நிலையில் அபாய மணிகளையெல்லாம் தேடிச் செயலிழக்கச் செய்தாக வேண்டும். '00 ஏஜென்ட்' நிலையிலோ, இவற்றோடு ரகசிய மோடம் ஒன்றைப் பொருத்தித் தரவுகளையும் இடைமறித்துக் கைப்பற்ற வேண்டும். வரைபடம் ஒன்றேதான், ஆனால் முன்பு எட்டிப் பார்க்கத் தேவையில்லாத அறைகளுக்கெல்லாம் இப்போது காரணம் பிறந்துவிடுகிறது. எதிரிகளின் தாக்குதலும் கடுமையாகிறது என்பது உண்மைதான், எனினும் சவால் முழுவதும் அதில் அடங்கிவிடவில்லை.

அடுத்து வரும் ரசாயன ஆலைக் கட்டத்தில் விஞ்ஞானிகளைக் கண்டபடி சுட்டுத் தள்ளினால் பணியே தோற்றுவிடும்; அவர்களுக்கிடையே இரட்டை உளவாளி ஒருவரையும் கண்டுபிடிக்க வேண்டும். சைலன்சர் (ஓசையடக்கி) இல்லாத துப்பாக்கி வெடித்தால் ஓசை கேட்டுக் காவலர்கள் ஓடிவருவார்கள் என்பதால், எப்போது சுடாமல் இருப்பது என்ற கணக்கு, குறி பார்க்கும் திறமைக்கு இணையான மதிப்பைப் பெறுகிறது. இழந்த உயிர்வலுவும் திரும்பாது, கவச உடை கிடைத்தால் அதுவே கூடுதல் காப்பு. சுவரோரம் சில நொடிகள் பதுங்கினால் காயமெல்லாம் ஆறிவிடும் இன்றைய வழக்கம், ஒற்றனின் எச்சரிக்கையுணர்வை அடியோடு பறித்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஷூட்டர் வாங்குபவர் சுடுவதற்காகத்தானே வாங்குகிறார் என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு எளிய நிலை இருக்கட்டும், அதைப் பறிக்கச் சொல்லவில்லை. மேல்நிலையைத் தேர்ந்தெடுப்பவர் கேட்பது பத்துத் தோட்டாவிலும் சாகாத காவலனை அல்ல.

இதற்குக் காலம் தேவை என்பதை உரிமம் வழங்குவோர் உணர வேண்டும். ரேர் குழுவினர் படப்பிடிப்பு அரங்குகளை நேரில் பார்த்து, முதலில் இடங்களை அமைத்துவிட்டு, அதன் பிறகே பல பணிகளை அவற்றில் பொருத்தினார்கள். ஆட்டத்துக்கு நேரடித் தொடர்பற்ற அறைகள் அங்கே இருப்பதும், அதனால் அது மெய்யான இடம்போலத் தோன்றுவதும் அப்படித்தான் நேர்ந்தது. படம் 1995 நவம்பரில் திரைக்கு வந்தது. விளையாட்டு வந்ததோ 1997 ஆகஸ்டில். அந்தத் தாமதத்தால் அதன் விற்பனை கெட்டுவிடவில்லை. ஆகவே, படம் வெளியாகும் நாளிலேயே விளையாட்டும் கடைக்கு வந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை உங்கள் அடுத்த ஒப்பந்தத்தில் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
உளவு விளையாட்டுகளின் ரசிகர் ஒருவர்